வயிற்றில் பிள்ளை, கையில் ஊசி

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலுக்கு நடுவில் செயின்ட் கில்டா என்றொரு குட்டித் தீவுக்கூட்டம். 1930-ல் அங்கே மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறி வெளியேறிவிட்டார்கள். அதற்கு முன்பு, கடல் பறவைகளைப் பிடித்துத் தின்று, அவற்றின் இறகையும் எண்ணெயையும் குத்தகையாகக் கட்டி, ஒரு சின்ன ஜனக்கூட்டம் பல நூற்றாண்டுகள் அங்கே காலம் தள்ளியது.

19-ம் நூற்றாண்டில் அந்தத் தீவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு வாரத்தைத் தாண்டவில்லை! பிறக்கும்போது கொழுகொழுவென்றுதான் இருக்கும். நாலைந்து நாள் நன்றாகப் பால் குடிக்கும். அப்புறம் திடீரென்று ஒருநாள் அம்மாவின் மார்பில் வாய் வைக்க முடியாமல் தாடை இறுகிப்போகும். அந்தப் பிஞ்சு உடம்பு வில்லாக வளையும். அவ்வளவுதான். தீவுக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'எட்டாம் நாள் நோய்'. கடவுள் சித்தம் என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

1889-ல் அங்கஸ் ஃபிடஸ் என்று ஒரு பாதிரியார் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் தலையைக் குனியப் பிடிக்கவில்லை. நகரத்துக்குப் போய், பிரசவத்தைச் சுத்தமாகப் பார்ப்பது எப்படி, தொப்புள்கொடியில் கிருமி அண்டாமல் காப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு திரும்பினார். 1891-க்குப் பிறகு எட்டாம் நாள் நோய் தீவைவிட்டே போய்விட்டது.

அது என்ன நோய் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். ரணஜன்னி! மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு கிருமி. 1884-ல் ஆர்தர் நிகோலையர் என்ற ஜெர்மானியர், வெறும் தோட்டத்து மண்ணை விலங்குகளின் உடம்பில் செலுத்தி, இந்த நோயை வரவழைத்துக் காட்டினார். துருப்பிடித்த பிளேடு, அரிவாள், அறுத்த இடத்தில் பூசும் சாம்பல், சாணம்... இந்த ஏதாவதொரு வழியில் கிருமி தொப்புளுக்குள் நுழைந்துவிட்டால், பிறகு பெரிய டாக்டர் வந்தாலும் கஷ்டம்தான்.

'எங்கேயோ ஸ்காட்லாந்து கதை' என்று நினைத்துவிடாதீர்கள். 1988-ல், அதாவது இதைப் படிக்கும் உங்களில் பலர் பிறந்துவிட்ட பிறகு, இந்தியாவில் மட்டும் ரணஜன்னிக்குப் பலியான பச்சிளம் குழந்தைகள் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம். உலகம் முழுக்க 7 லட்சத்து 87 ஆயிரம். ஓர் ஆண்டுக் கணக்கு இது!

அதே இந்தியா, தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னியை ஒழித்துவிட்டது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியது ஒரு காரணம். சுத்தமான பிளேடு இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெண் முதல்முறை செக்கப்புக்குப் போய்விட்டு, கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வருவாளே... அந்த 'டி.டி.' ஊசி!

(முன்பு போட்டது ரணஜன்னிக்கு மட்டுமான ஊசி. 2019 வாக்கில் அதை மாற்றி, தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துத் தடுக்கும் ஊசியைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் பெயரே மாறிவிட்டது. நமக்குத் தெரியவில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் 'டி.டி.'தானே!)

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். டி.டி. ஊசியை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால், டாக்டர் இன்னொரு ஊசியின் பெயரைச் சொன்னால் போதும்... ஃப்ளூ ஊசி, கக்குவான் இருமல் ஊசி, கொரோனா ஊசி... வீட்டில் ஒரு வட்டமேஜை மாநாடே கூடிவிடும். "நாங்கல்லாம் இதெல்லாம் போட்டுக்கிட்டா பெத்தோம்?" என்பார் மாமியார். "வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்பார் பெண்ணின் அம்மா. கணவன், செல்போனில் யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டுவான். 'எதுக்கு வம்பு, வேண்டாம்' என்று தீர்மானம் நிறைவேறும். சம்பந்தப்பட்ட பெண்ணை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்!

இந்த பயத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த ஊசிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு வரலாறும் ஒரே ஆண்டில் சந்தித்துக்கொள்கின்றன. 1961!

முதலில் ஊசியின் கதை.

ரணஜன்னிக்கான தடுப்பூசி 1920-களிலேயே பிரான்ஸில் தயாராகிவிட்டது. போரில் காயம்படும் சிப்பாய்களை அது காப்பாற்றியது. ஆனால், பச்சைக்குழந்தையின் விஷயத்தில் ஒரு சிக்கல். குழந்தை பிறந்த அன்றைக்கே கிருமி உள்ளே போய்விடுகிறது. ஒரு வாரத்தில் நோய் வந்துவிடுகிறது. தடுப்பூசி போட்டு உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்கவோ வாரக்கணக்கில் ஆகும். பிறந்த கையோடு ஊசி போட்டால்கூடப் பந்தயத்தில் கிருமிதான் ஜெயிக்கும். அப்படியென்றால் பிறப்பதற்கு முன்பே போட்டாக வேண்டும். பிறக்காத குழந்தைக்கு எப்படி ஊசி போடுவது?

அம்மாவுக்குப் போட்டால்?

நஞ்சுக்கொடி என்று நாம் சொல்கிறோமே, பெயரில்தான் நஞ்சு இருக்கிறது. அது செய்வதெல்லாம் அமுதூட்டும் வேலை. சோறு, காற்று மட்டுமல்ல... அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருட்களில் ஒரு வகையையும் அது அள்ளி அள்ளிக் குழந்தையின் பக்கம் அனுப்புகிறது. முக்கியமாக, கடைசி மூன்று மாதங்களில். பிறந்த வீட்டுச் சீர் மாதிரி! அந்தச் சீரை வைத்துக்கொண்டுதான் குழந்தை முதல் சில மாதங்களைத் தள்ளுகிறது. அம்மாவிடம் இல்லாததை நஞ்சுக்கொடியால் அனுப்ப முடியாது. அதனால், அம்மாவின் ரத்தத்தில் அதை உண்டாக்கிவிடுவது என்று யோசித்தார்கள்.

யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, நிஜத்தில் நடக்குமா? நியூகினித் தீவின் செபிக் பகுதியில், ஸ்கோஃபீல்ட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் இறங்கிப் பார்த்தார்கள். அங்கே பத்து குழந்தைகளில் ஒன்றைப் பறித்துக்கொள்ளும் அளவுக்கு ரணஜன்னி தாண்டவமாடிக்கொண்டிருந்தது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டார்கள். ஒன்று போட்டுக்கொண்டவர்கள், இரண்டு போட்டுக்கொண்டவர்கள், மூன்று போட்டுக்கொண்டவர்கள் என்று தனித்தனியாகக் கணக்கு வைத்தார்கள். ஒரே ஊசியோடு நின்றவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. இரண்டு போட்டவர்களுக்கு நல்ல பலன். மூன்று போட்டவர்களின் குழந்தைகளிடம் ரணஜன்னி கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது!

1961 செப்டம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்தக் கணக்கு வெளியானது. பிறகு தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் இன்னும் கறாரான சோதனை நடந்தது. யாருக்கு எந்த ஊசி என்பது போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. 1966-ல் முடிவு வந்தது. இரண்டு அல்லது மூன்று முறை ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில், ரணஜன்னியால் ஒரு சாவுகூட இல்லை. நம்மூர் டி.டி. ஊசியின் தாத்தா, பாட்டி இந்த இரண்டு சோதனைகளும்தான்.

இனி பயத்தின் கதை.

நியூகினிக் கணக்கு வெளியாகி இரண்டே மாதம். 1961 நவம்பர். மேற்கு ஜெர்மனியில் ஒரு மாத்திரையை அவசர அவசரமாகக் கடைகளிலிருந்து வாபஸ் வாங்கினார்கள். அதன் பெயர் தாலிடோமைட்.

1957-ல் கிரூனென்தால் என்ற கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நல்ல தூக்கம் வரும், பக்க விளைவே கிடையாது என்று விளம்பரம். டாக்டர் சீட்டே தேவையில்லை, கடையில் கேட்டால் கொடுப்பார்கள். மசக்கை வாந்திக்கும் கேட்கிறது என்று தெரிந்ததும் கர்ப்பிணிகள் வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு பிறந்த குழந்தைகளில் பலவற்றுக்குக் கைகள் இல்லை. கால்கள் இல்லை. தோளிலிருந்தே நேராக விரல்கள் முளைத்திருந்தன. கரு உருவாகி மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் அம்மா அந்த மாத்திரையை விழுங்கியிருந்தாலே போதும்... ஆமாம், பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரியாத நாட்கள் அவை! ஜெர்மனியில் விடுகின்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் ஆகிய இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்துக் குரல் எழுப்பினார்கள். அதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள்.

அமெரிக்கா மட்டும் பெருமளவுக்குத் தப்பித்தது. காரணம், ஒரு பெண்மணி. ஃபிரான்சிஸ் கெல்சி என்று பெயர். அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் 1960-ல்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தாலிடோமைடுக்கு அனுமதி கேட்டு வந்த ஃபைல், அவருக்கு வந்த முதல் ஃபைல்களில் ஒன்று. "ஐரோப்பாவே சாப்பிடுகிறது மேடம், ஒரு கையெழுத்துதானே!" என்கிற ரீதியில் கம்பெனி நெருக்கியது. கெல்சி அசையவில்லை. ஆதாரம் போதாது, இன்னும் கொண்டுவாருங்கள் என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். கடைசியில் கம்பெனிதான் வாபஸ் வாங்கியது. 1962-ல் ஜனாதிபதி கென்னடி அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து விருது கொடுத்தார்.

இப்போது ஒரு நிமிடம் நிதானித்து யோசித்துப் பாருங்கள். ஸ்கோஃபீல்டும் கெல்சியும் வேறு வேறு வேலையா செய்தார்கள்? ஒருவர், 'கொடுக்கலாம்' என்பதற்கு ஆதாரம் திரட்டினார். இன்னொருவர், 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டார். இருவர் வைத்திருந்ததும் ஒரே தராசு. தாலிடோமைட் நாசம் செய்ததன் காரணம், கர்ப்பிணிகளிடம் சோதனை செய்தது அல்ல. கர்ப்பத்தில் என்ன ஆகும் என்று ஒழுங்காகச் சோதிக்காமலேயே விற்றது!

ஆனால், உலகம் படித்த பாடம் வேறு. 'கர்ப்பிணிகள் பக்கமே போகாதே!' 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. புது மருந்துகளின் ஆரம்பகட்டச் சோதனைகளில் கர்ப்பிணிகள் மட்டுமல்ல, கர்ப்பமாகக்கூடிய வயதில் இருக்கும் பெண்களையே சேர்க்கக் கூடாது! 1993-ல்தான் அதை மாற்றினார்கள். அக்கறையோடு போட்ட விதிதான். விளைவு? ஒரு மருந்து வெளிவரும்போது, கர்ப்பிணிகளுக்கு அது நல்லதா கெட்டதா என்று சொல்ல யாரிடமும் தகவல் இருக்காது. தகவல் இல்லை, அதனால் கொடுக்க மாட்டோம். கொடுக்காததால் தகவல் இல்லை. வட்டம் முடிந்ததா!

இந்த வட்டத்துக்குள் ஒரு கேள்வி காணாமல் போய்விடுகிறது. ஊசி போட்டால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடாவிட்டால்?

பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால் போதும். 1950, 60-களில் பெரியம்மை கண்டவர்களை அங்கேதான் கொண்டுபோவார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் அங்கே ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர். அவரும் சகாக்களும் 1963-ல் கர்ப்பிணிகளைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். உடம்புக்குள் ரத்தம் கசியும் மிகக் கொடூரமான பெரியம்மை, மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளையே பல மடங்கு அதிகமாகத் தாக்கியது. எப்போதோ அம்மை குத்திக்கொண்டிருந்த கர்ப்பிணிகள் பிழைத்த அளவுக்கு, குத்திக்கொள்ளாதவர்கள் பிழைக்கவில்லை. பெரியம்மையைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த பல விஷயங்கள், நம்ம தண்டையார்பேட்டையில் எழுதப்பட்டவை என்பது நமக்கே தெரியாது!

1918-ல் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சலிலும் இதே கதைதான். ஹாரிஸ் என்ற அமெரிக்க டாக்டர், அந்தக் காய்ச்சல் கண்ட 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி 1919-ல் வெளியிட்டார். நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தார்கள். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது, அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவர். அந்தக் காய்ச்சலால் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐவர். வயிற்றில் பிள்ளை வளர வளர நுரையீரலுக்கு இடம் குறைகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. எதிர்ப்புச் சக்தி நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. காய்ச்சலுக்கு இது நல்ல வேட்டைக்களம்.

அம்மாவை ஒன்றும் செய்யாமல், குழந்தையை மட்டும் குறிவைக்கும் நோயும் உண்டு. 1941-ல் சிட்னி நகரத்துக் கண் டாக்டர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வருவதைப் பார்த்துத் திகைத்தார். வெளியே காத்திருந்த இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். இருவருக்குமே கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்ததாம்! அதுதான் ருபெல்லா. லேசாக ஜுரம், கொஞ்சம் தடிப்பு, மூன்று நாளில் போய்விடும். கிரெக் விசாரித்தார். 78 குழந்தைகளில் 68 பேரின் அம்மாக்களுக்கு அந்த நோய் வந்து போயிருந்தது. பெரிய மனிதர்கள் நம்பவில்லை. 1964-65-ல் அமெரிக்காவில் ருபெல்லா பெருந்தொற்றாகப் பரவி, சுமார் 20 ஆயிரம் குழந்தைகள் கண், காது, இதயக் கோளாறுகளோடு பிறந்தபோது நம்பாதவர் யாரும் மிச்சமில்லை.

இங்கே நன்றாகக் கவனியுங்கள். ருபெல்லா தடுப்பூசி 1969-ல் வந்தது. அதைக் கர்ப்பிணிக்குப் போட மாட்டார்கள்! அதில் இருப்பது உயிருள்ள கிருமி. வீரியத்தைக் குறைத்திருந்தாலும் உயிருள்ளது உயிருள்ளதுதான். தெரியாமல் போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளை அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ருபெல்லா ஊனத்தோடு ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. இருந்தும் விதியைத் தளர்த்தவில்லை. அதைக் கல்யாணத்துக்கு முன்போ, குழந்தைப் பருவத்திலோ போட்டுக்கொள்ள வழி இருக்கும்போது, கர்ப்பத்தில் எதற்கு? 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டார்களே... வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்து எத்தனையோ பெற்றோர் பயந்தார்களே... அது அந்தச் சிறுமிகளுக்கு மட்டும் போட்ட ஊசி அல்ல. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவர்கள் வயிற்றில் வளரப்போகும் குழந்தைகளுக்கும் சேர்த்துப் போட்டது!

ஆக, 'கர்ப்பத்தில் ஊசி போடலாமா?' என்ற கேள்விக்கு மொத்தமாக ஒரே பதில் கிடையாது. எந்த ஊசி என்று கேட்க வேண்டும். தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கான ஊசிகளில் உயிருள்ள கிருமி இருக்கிறது, அதனால் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். ரணஜன்னி, கக்குவான், ஃப்ளூ ஆகியவற்றுக்குக் கர்ப்பிணிக்குக் கையில் போடும் ஊசிகளில் உயிருள்ள கிருமி கிடையாது.

வதந்தி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டி.டி. ஊசியில் கருத்தடை மருந்தைக் கலக்கிறார்கள் என்று 1990-களில் மெக்சிகோ, பிலிப்பைன்ஸில் புரளி கிளம்பியது. 2014-ல் கென்யாவில் மறுபடி கிளம்பியது. நெருப்பில்லாமல் புகையுமா என்பீர்கள். நெருப்பு டெல்லியில் இருந்தது! 1970-களில் ஜி.பி. தல்வார் என்ற விஞ்ஞானி, பெண்களுக்கான கருத்தடைத் தடுப்பூசி ஒன்றை உருவாக்க முயன்றார். அதில் ஒரு ஹார்மோனை ரணஜன்னித் தடுப்பு மருந்தோடு ஒட்டவைத்தார். அது வேறு ஊசி. ஒப்புக்கொண்ட பெண்களிடம் மட்டும் சோதிக்கப்பட்டது, சோதனைக் கட்டத்தைத் தாண்டி வரவும் இல்லை. புரளிக்கு அந்த விவரமெல்லாம் எதற்கு? இரண்டிலும் ரணஜன்னி என்ற பெயர் இருக்கிறதே, அது போதும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்கள் டி.டி. போட்டுக்கொண்டு, அப்புறமும் மளமளவென்று பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அதற்குச் சரியான பதில்.

சரி, ஒரு நாடு சரியான சமயத்தில் கணக்குப் போட்டு முடிவெடுத்தால் என்ன ஆகும்? 2012-ல் பிரிட்டனில் கக்குவான் இருமல் திடீரென்று தலைதூக்கியது. அந்த வருடம் 14 குழந்தைகள் இறந்துபோயின. அங்கே குழந்தைக்கு முதல் தடுப்பூசி எட்டாவது வாரத்தில்தான். அதற்கு முந்தைய வாரங்களில் அதற்குக் காவல் யாரும் இல்லை. அக்டோபர் மாதத்திலிருந்து கர்ப்பிணிகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். ஆரம்பித்ததோடு விட்டுவிடவில்லை. போட்டுக்கொண்ட சுமார் 20 ஆயிரம் பெண்களின் விவரங்களைப் பின்தொடர்ந்தார்கள். குழந்தை இறந்து பிறப்பது உள்ளிட்ட எந்த ஆபத்தும் கூடவில்லை என்று தெரிந்தது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அந்த ஊசியின் தடுப்புத் திறன் 91 சதவிகிதம்! 2014-ல் இந்த இரண்டு முடிவுகளும் வெளியாயின. நம்மூர் தனியார் மருத்துவமனைகளில் ஏழாம் மாத வாக்கில் 'டிடாப்' என்று ஓர் ஊசியைச் சொல்கிறார்களே, அது இந்த வம்சம்தான்.

கணக்குப் போடத் தாமதமானால் என்ன ஆகும்? அதையும் நாமே பார்த்தோம். கொரோனா தடுப்பூசிகளின் பெரிய சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. 1977-ன் நிழல்! 2021 ஜனவரி 16-ல் இந்தியாவில் ஊசி போட ஆரம்பித்தபோது, கர்ப்பிணிகளுக்குக் கிடையாது என்றார்கள். தகவல் இல்லையே, என்ன செய்ய? ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது அலை அடித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட கணக்கு இது: அவர்கள் பதிவுசெய்து கவனித்த, கொரோனா கண்ட கர்ப்பிணிகளில் முதல் அலையில் இறந்தவர்கள் 0.7 சதவிகிதம். இரண்டாம் அலையில் 5.7 சதவிகிதம்! ஊசி கையிருப்பு ஒரு பக்கம், ஆக்சிஜன் தட்டுப்பாடு ஒரு பக்கம் என்று ஆயிரம் காரணங்கள் சொல்லலாம். ஆனால், விரும்பினால்கூடப் போட்டுக்கொள்ள அனுமதி இல்லாத நிலையில் அந்தப் பெண்கள் அந்த அலையைச் சந்தித்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கிடையில் மற்ற நாடுகளில் ஊசி போட்டுக்கொண்ட ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளின் விவரங்கள் வந்து குவிந்தன. 2021 ஜூலை 2-ம் தேதி மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அந்த அறிவிப்பில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சாதக பாதகங்களை அந்தப் பெண்ணிடம் விளக்கிச் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விட வேண்டும் என்றார்கள். வட்டமேஜை மாநாட்டில் அவளுக்கு ஒரு நாற்காலி! அந்த மாதம் முடிவதற்குள் நாடு முழுக்க 2.27 லட்சம் கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டார்கள். அதில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள். மாநிலங்களில் நமக்குத்தான் முதலிடம். டி.டி. ஊசிக்குப் பழகிய கைகள் அல்லவா!

'அப்படியானால் பயமே வேண்டாமா?' என்று கேட்கிறீர்களா? வேண்டும். கெல்சியின் பயம் வேண்டும். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கு இரண்டு பெரிய கம்பெனிகள் கர்ப்பிணிகளுக்கான ஊசியைத் தயாரித்தன. ஜி.எஸ்.கே. நிறுவனத்தின் சோதனையில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் குறைப்பிரசவம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. 2022-ல் சோதனையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஃபைசர் நிறுவனத்தின் ஊசி சோதனையில் தேறியது. 2023-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. அப்போதும் சும்மா விடவில்லை. முன்னெச்சரிக்கையாக, 32-வது வாரத்திலிருந்து 36-வது வாரத்துக்குள்தான் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 1957-ல் தாலிடோமைடுக்கு இப்படி ஒரு காவல் இருந்திருந்தால், அந்தக் குழந்தைகளுக்குக் கைகள் இருந்திருக்கும்.

ஆகவே, அடுத்தமுறை வீட்டில் மாநாடு கூடினால், 'நாங்க பெத்துக்கலையா?' என்ற கேள்விக்கு மரியாதையாகவே பதில் சொல்லுங்கள். பெற்றீர்கள் அத்தை. எட்டாம் நாள் பறிகொடுத்தவர்களும் பெற்றார்கள். அவர்கள் இந்த மாநாட்டுக்கு வந்து பேச மாட்டார்கள், அவ்வளவுதான்.

மற்றபடி, கர்ப்பிணியான பெண்ணே டாக்டரிடம் நாலு கேள்வி கேட்கட்டும். இந்த ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமியா? இதற்கு முன்பு எத்தனை கர்ப்பிணிகளுக்குப் போட்டுக் கவனித்திருக்கிறார்கள்? எத்தனையாவது வாரத்தில் போட்டால் குழந்தைக்கு அதிகமாகப் போய்ச்சேரும்? போடாமல் இருந்து, இந்த நோய் எனக்கோ குழந்தைக்கோ வந்தால் என்ன ஆகும்?

நாலாவது கேள்வியைத்தான் நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் எதுவும் செய்யவில்லை, அதனால் எதுவும் நடக்காது என்று ஒரு நிம்மதி. ஆனால், வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் ஒரு விலை உண்டு. சில சமயம் அது பூஜ்யம், சில சமயம் ஓர் உயிர்.

வாசலில் இன்னும் முப்பது பேர் காத்திருப்பார்கள், டாக்டரும் அவசரத்தில் இருப்பார். பரவாயில்லை... உட்கார்ந்து நாலையும் கேட்டுவிட்டே எழுந்திருக்கச் சொல்லுங்கள்!